கோ ஆட்டம்: இணையத்தில் 9×9 பலகையிலிருந்து தொடங்குங்கள்

கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இருவர் இடம் வளைக்கும் பலகை விளையாட்டு கோ. அதன் முழுப் பலகையில் 361 புள்ளிகள். புதிதாக வருபவர் அதில் இறங்க வேண்டாம். 9×9 பலகையில் 81 புள்ளிகள்தான். ஆட்டம் சீக்கிரம் முடியும், தவறும் உடனே தெரியும். ஆன்லைன்-கோ.காம் தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கிப் பயிற்சிப் பாடங்களை முடியுங்கள். பிறகு புதிய ஆட்டம் அமைக்கையில் பலகை 9×9, விதிமுறை சீனம், தரவரிசை வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள்.

காயைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்க வேண்டும். கறுப்பு முதலில் ஆடும். வைத்த காய் நகராது. தனிக் காயை ஒட்டி நடுப்பலகையில் 4 புள்ளிகள், ஓரத்தில் 3, மூலையில் 2. அத்தனையும் எதிரி அடைத்தால் காய் வெளியேறும். குறுக்காக இருப்பவை கணக்கில் சேரா. ஒட்டி நிற்கும் ஒரே நிறக் காய்கள் ஒன்றாகவே வாழும், ஒன்றாகவே சாகும். உள்ளே இரண்டு தனித்தனிக் காலியிடங்கள் வைத்திருக்கும் கூட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது.

உங்கள் ஒற்றைக் காயைப் பிடித்தவரின் காயை உடனே திருப்பிப் பிடித்துப் பழைய நிலையைக் கொண்டுவர முயன்றால் தளம் ஏற்காது. வேறிடத்தில் ஒரு காய் வைத்துவிட்டு வாருங்கள்.

பலர் திணறுவது முடிக்கும்போதுதான். இருவரும் அடுத்தடுத்து பாஸ் (காய் வைக்காமல் முறையை விடுவது) சொன்னால் ஆட்டம் முடிந்தது. இருவர் இடங்களுக்கும் நடுவிலுள்ள எல்லையில் ஒரு புள்ளி திறந்திருந்தாலும் பாஸ் சொல்லாதீர்கள். எதிரி அதன்வழி உள்ளே வருவார். அடுத்து, செத்த காய்கள் (பலகையில் நின்றாலும் பிடிபடாமல் தப்ப முடியாதவை) எவை என்று குறிக்கும் திரை வரும். தளம் தானாகக் குறிப்பது தவறாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருவரும் ஒப்புதல் கொடுத்த பின் மாற்ற வழியில்லை. சந்தேகம் இருந்தால் ஆட்டத்தைத் தொடர்ந்து அந்தக் காய்களைப் பிடித்தே காட்டுங்கள். சீன விதியைச் சொன்னது இதற்காகத்தான்: அதில் வளைத்த இடத்தோடு உங்கள் காய்களுக்கும் புள்ளி உண்டு, சொந்த இடத்தில் காய் வைப்பதால் நட்டமில்லை. ஜப்பானிய விதியில் அப்படி வைக்கும் காய் ஒரு புள்ளியைத் தின்றுவிடும்.

பின்னால் ஆடும் வெள்ளைக்கு ஈடாகத் தரும் புள்ளிகள் கோமி. அது 7.5 என்றால், கறுப்பு 44, வெள்ளை 37 எடுத்த ஆட்டத்தில் வெள்ளை 44.5 ஆகி அரைப் புள்ளியில் வெல்லும். கறுப்பில் ஆடும்போது 45-ஐக் குறிவையுங்கள்.