1500 மீற்றர் ஓடப் போகிற பிள்ளைக்கு

வலய மட்டத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவான பிள்ளைகள் என்னிடம் வந்ததும், "சேர், ஒரு நாளைக்கு எத்தனை நானூறு அடிக்கணும்?" என்றுதான் கேட்பார்கள். "இப்ப ஒண்டும் வேணாம் மனே" என்பேன். முகம் வாடிப்போகும்.

நானூறு மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகிய எமில் சாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மரதன் மூன்றிலும் தங்கம் எடுத்தார். உண்மைதான். அது பல வருடம் ஓடி இறுகிய உடம்பு. பள்ளிப் பிள்ளைக்கு நான் பிடித்துக்கொள்வது நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆதர் லிடியார்டின் வழியை. 800 மீற்றர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையே அவர் ஞாயிறுகளில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஓடவிட்டார். 1960இல் ரோமில் ஸ்னெல்லுக்குத் தங்கம். முதலில் நீண்ட ஓட்டம், பிறகு மேடு, கடைசியில் வேகம். அந்த ஒழுங்கை எடுங்கள், அந்தத் தூரத்தை விட்டுவிடுங்கள்.

முதல் எட்டு வாரம், வாரத்துக்கு நாலு நாள், அரை மணித்தியாலத்தில் தொடங்குங்கள். பக்கத்தில் ஓடுகிறவனோடு கதைத்துக்கொண்டே ஓட முடியணும். பெடியன்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. ஒருவனை ஒருவன் முந்தப் பார்ப்பான். இரண்டு வாரத்துக்கொருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம், நாலாவது வாரம் குறைக்கணும்.

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் ஓடுவதென்றால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். காய்ந்த மணல் குதிநரம்பைப் பதம் பார்க்கும். ஈரமணல் கடல் பக்கம் சரிந்திருப்பதால் போன வழியே திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சரிவு சமமாகும். சுடுகிற கச்சான் காற்றுக் காலத்தில் வெயில் ஏறுமுன் முடித்துவிடணும். மாரியில் தார் றோட்டுத்தான்.

மேட்டுக்கு எங்கே போவது? குடும்பிமலைக்கு வான் பிடிக்கவா முடியும்! மைதானத்துப் படிக்கட்டில் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று வாரம் ஏறினால் போதும், இறங்கும்போது நடக்கணும்.

அதன் பிறகுதான் நானூறு. வாரத்துக்கு ஒரு நாள், ஐந்து தடவை, நடுவில் மூன்று நிமிட மெல்லோட்டம். கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தின் நேரத்துக்குள் வரணும். மூன்று செக்கன் பிந்தினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள், "இன்னும் ஒண்டு சேர்" என்று கெஞ்சினாலும். போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் விடாதீர்கள்.

காலையில் பாயை விட்டு எழும்புமுன் நாடியை எண்ணி ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வழமையை விட நிமிடத்துக்குப் பத்துக் கூடியிருந்தால் அன்று ஓட்டம் இல்லை. சிலர் பயிற்சி போய்விடுமென்று குறைத்து எழுதுவார்கள். சந்தேகமென்றால் மைதானத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் இருத்திவைத்து நீங்களே கையைப் பிடித்துப் பாருங்கள்.