கால்பந்துக் கிளப்புக்கு ரசிகராவது: பலரும் சறுக்கும் இடங்கள்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இப்பதான் மேட்ச் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். எந்த டீமுக்கு சப்போர்ட் பண்ணலாம்?" பத்துப் பேர் பத்துப் பெயரைச் சொல்வார்கள். அப்புறம் பழைய ரசிகர் ஒருவர் வந்து, "கிளப்பை நாம தேர்ந்தெடுக்கிறதில்லை தம்பி, அதுதான் நம்மளைத் தேர்ந்தெடுக்கும்" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போவார்.

அந்த வசனம் லிவர்பூலில் பிறந்தவருக்குச் சரி. அங்கே லிவர்பூல் கிளப் சிவப்பு, எவர்ட்டன் கிளப் நீலம். அப்பா எந்த நிறமோ, பிள்ளையும் பெரும்பாலும் அந்த நிறம்தான். முதல் மேட்சுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதே அப்பாவோ தாத்தாவோதான். மதுரையிலிருந்து கைபேசியில் பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம், அதன் பிறகு மற்ற ரசிகர்களை எப்படி எடைபோடுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

புள்ளிப்பட்டியலை நம்புவது

யார் முதலிடத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வது முதல் சறுக்கல். இப்படிப்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் 'குளோரி ஹன்ட்டர்' என்று பட்டமே உண்டு. ஜெயிக்கிற பக்கம் மனம் சாய்வது இயல்புதான், அதைப் பெரிய பாவமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காரணம் நிலைக்காது. 2013இல் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பியன். அந்த மே மாதம் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். "இவங்க எப்பவும் ஜெயிப்பாங்க" என்று அந்த வருடம் சிவப்பு ஜெர்சி வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். 2024-25 சீசனை அந்தக் கிளப் முடித்தது 15ஆவது இடத்தில். லிவர்பூல் கதையும் அப்படித்தான். 1990இல் லீக் பட்டம் வென்றவர்களுக்கு அடுத்த பட்டம் கிடைத்தது 2020இல்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். அது அவர்கள் ஊர் ஃபுட்பால், நம்முடைய கால்பந்து அல்ல, ஆனால் ரசிக மனம் ஒன்றுதான். தங்கள் அணி ஜெயித்தால் "நாங்கள் ஜெயித்தோம்" என்பவர்கள், தோற்றால் "அவர்கள் தோற்றுவிட்டார்கள்" என்று பேச்சை மாற்றினார்கள். நீங்கள் எந்தக் கிளப்பின் ரசிகர் என்று தெரிந்துகொள்ள இது நல்ல சோதனை. மோசமாகத் தோற்ற மறுநாள் வாயில் "சொதப்பிட்டோம்" வருகிறதா, "சொதப்பிட்டானுங்க" வருகிறதா என்று கவனியுங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. இன்று ஜெயிக்கும் கிளப்பின் ரசிகர்கள் எல்லாரும் நேற்று முளைத்தவர்கள் என்று முடிவுகட்டிவிடுவது. மான்செஸ்டர் சிட்டி ரசிகர் என்று சொன்னாலே "2008க்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்பார்கள். அபுதாபி முதலாளிகள் கிளப்பை வாங்கிப் பணம் கொட்டத் தொடங்கியது 2008இல். ஆனால் 1999 மே மாதத்தைப் பாருங்கள். 26ஆம் தேதி பார்சிலோனாவில் யுனைடெட், 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தில், அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு பயர்ன் மியூனிக்கை வீழ்த்தி, அந்த சீசனின் மூன்றாவது கோப்பையைத் தூக்கியது. அதே ஊரின் சிட்டி நான்கு நாள் கழித்து வெம்பிளியில் ஆடியது, மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு ஏறுவதற்காக. எதிரணி கில்லிங்கம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது 0-2. வெறுத்துப்போய் வெளியே நடக்கத் தொடங்கியவர்கள் உண்டு. 90ஆவது நிமிடத்தில் கெவின் ஹார்லாக் ஒரு கோல், நடுவர் சேர்த்த நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் பால் டிக்காவ் இன்னொன்று, பிறகு பெனால்ட்டியில் வெற்றி. மூன்றாம் அடுக்கில் கிடந்த அந்த சீசனிலும் சிட்டியின் சொந்த மைதானத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். அவர்களிடம் போய் "எங்க இருந்தீங்க" என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆட்டக்காரரோடு வந்து கிளப்போடு மாட்டிக்கொள்வது

ரொனால்டோவுக்காக ரியல் மாட்ரிட், 2018இல் யுவென்டஸ், 2021இல் மறுபடி மான்செஸ்டர் யுனைடெட், பிறகு சவூதியின் அல் நசர். மெஸ்ஸிக்காக பார்சிலோனா, பாரிஸ், மயாமி. ஒருவரின் ஆட்டத்தைப் பின்தொடர்வது அழகான விஷயம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்குக் கிளப் விசுவாசம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் கட்டி உருண்டு சண்டை போட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபர் செய்தி வந்த இரவே அந்தக் கிளப்பைத் திட்டத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மரியாதை போய்விடும். "நான் மெஸ்ஸி ரசிகன்" என்று சொல்லிவிட்டால் ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

பகையை மொத்தமாக வாங்கிக்கொள்வது

தூரத்து ரசிகர்கள் செய்வதில் உண்மையிலேயே காயப்படுத்தும் தவறு இதுதான். கிளப்பைத் தேர்ந்தெடுத்த ஒரே வாரத்தில் அதன் எதிரிகள் பட்டியலையும் மனப்பாடம் செய்து, அங்கே கேட்ட கிண்டல்களை அப்படியே மீம் போட ஆரம்பிப்பார்கள். அந்தக் கிண்டல் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் தெரியாது.

லிவர்பூல் ரசிகர்களைப் பார்த்து 'எப்போதும் நீங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள்' என்று பாடும் ஒரு பாட்டு உண்டு. நடுவருக்கு எதிராகப் புலம்புவதைக் கேலி செய்வதாக நினைத்து நம்மவர்களும் அதைப் பகிர்கிறார்கள். லிவர்பூல்காரர் காதில் அது வேறு விதமாக விழும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், இங்கிலாந்தின் நாக்-அவுட் தொடரான எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி. வெளியே நெரிசல் கூடியதும் போலீஸ் ஒரு வெளியேறும் கதவைத் திறந்துவிட, ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பி அடைப்புக்குள் கூட்டம் பாய்ந்தது. 97 லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போனார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று பழியும் அவர்கள் மேலேயே விழுந்தது. அவை சட்டவிரோத மரணங்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்ற தீர்ப்பு வந்தது 2016இல். இறந்தவர்களின் குடும்பங்கள் 27 வருடம் போராட வேண்டியிருந்தது.

யுனைடெட் பக்கமும் இதே போல ஒரு காயம் இருக்கிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் அந்த அணியின் ஆட்டக்காரர்கள். எதிரணி ரசிகர்கள் கையை விமானம்போல விரித்துக் காட்டுவது அதைத்தான்.

2023 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டிக்கு ஒருவர் யுனைடெட் ஜெர்சி போட்டு வந்தார். முதுகில் 97 என்ற எண். அதற்கு மேல், ஆட்டக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'போதாது' என்று பொருள்படும் சொற்கள். அவரைக் கைது செய்து, அபராதம் போட்டு, நான்கு வருடம் மைதானங்களுக்குள் நுழையத் தடை விதித்தார்கள். அங்கே ஒருவரைக் கோர்ட் வரை இழுத்துச்சென்ற விஷயத்தை இங்கே சிலர் சிரிப்பு எமோஜியோடு பகிர்கிறார்கள். டெர்பி (ஒரே ஊர்ப் பகைக் கிளப்புகள் மோதும் ஆட்டம்) அன்று கலாய்ப்பது இந்த விளையாட்டின் பாதி சுகம், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பாடுகிறார்கள் என்று தெரியாத பாட்டை மட்டும் பாடாமல் இருக்கலாம்.

ஒரு வரிச் சூத்திரங்கள்

"அது கத்தோலிக்கக் கிளப், இது புராட்டஸ்டன்ட் கிளப்", "அது ஏழைகளுடையது, இது பணக்காரர்களுடையது." இப்படி ஒரு வரியில் விளக்கினால் புரிந்துவிட்டதுபோல இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து செல்டிக், ரேஞ்சர்ஸ் கிளப்புகள் விஷயத்தில் மதம் உண்மையாகவே உள்ளே இருக்கிறது. செல்டிக் 1887இல் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு உதவத் தொடங்கப்பட்ட கிளப். ஆனால் அந்த அச்சை அப்படியே லிவர்பூலுக்கும் எவர்ட்டனுக்கும் பொருத்துபவர்கள் உண்டு. எவர்ட்டன் ஒரு மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் பிரிவு ஒன்று) தேவாலயத்தின் அணியாகத் தொடங்கியது. ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியதும் அதுதான். 1892இல் மைதானத்தின் உரிமையாளர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு வந்து கிளப் வெளியேற, காலி மைதானத்துக்காக அவர் தொடங்கியதுதான் லிவர்பூல். வாடகைச் சண்டையில் பிறந்த பகை. ஒரே வீட்டில் சிவப்பும் நீலமும் இருப்பது அந்த ஊரில் சாதாரணம்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸில் போக்கா ஏழைகளின் கிளப், ரிவர் பிளேட் 'கோடீஸ்வரர்கள்' என்பார்கள். இரண்டுமே லா போக்கா என்ற அதே துறைமுகப் பேட்டையில் பிறந்தவை. ரிவர் பிறகு வடக்கே குடிபெயர்ந்தது, 1930களில் பெரும் விலைக்கு ஆட்டக்காரர்களை வாங்கியது, பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்துக் கொல்கத்தாவிலும் இதே கதைதான். ஈஸ்ட் பெங்கால், பிரிவினையில் வந்த அகதிகள் தொடங்கிய கிளப் என்று பலரும் எழுதுகிறார்கள். பிரிவினை 1947இல், கிளப் தொடங்கியது 1920இல். கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை அணியில் சேர்க்காமல் விட்டதில் எழுந்த கோபம்தான் அதன் பிறப்பு. அகதிகள் பிறகு வந்தார்கள். வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்கு ஊர்ப்பெயர் தாங்கிய ஒரு கிளப் அங்கே தயாராக இருந்தது. டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், அதன் பரம எதிரி மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று வீட்டுச் சமையல் வரை அந்தப் பிரிவு போயிருக்கிறது.

உள்ளூரை இளக்காரமாகப் பார்ப்பது

ஐரோப்பியக் கிளப்புக்கு ரசிகரானால் சென்னையின் எஃப்.சி.யைப் பார்ப்பது தகுதிக்குறைவு என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. இங்கிலாந்திலேயே பெரிய கிளப்புகளின் ரசிகர்கள் கீழ் அடுக்கில் ஆடும் ஊர்க் கிளப் ஒன்றையும் வைத்திருப்பார்கள். 2010 முதல் இதற்கென்றே ஒரு நாளும் கொண்டாடுகிறார்கள். சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன். 'சூப்பர் மச்சான்ஸ்' போன்ற ரசிகர் குழுக்களோடு நேரு ஸ்டேடியத்தில் நின்று தொண்டை கட்டக் கத்துவது நள்ளிரவு ஒன்றரை மணி ஒளிபரப்பில் கிடைக்காது.

மாறியவரெல்லாம் துரோகி என்பது

வீட்டை மாற்றலாம், கட்சியை மாற்றலாம், மதத்தைக்கூட மாற்றலாம், கிளப்பை மட்டும் மாற்றக் கூடாது என்று கால்பந்து ஊர்களில் சொல்வார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் கிளப்பே ரசிகரை விட்டுப் போனால்?

விம்பிள்டன் தென்மேற்கு லண்டனின் சிறிய கிளப். அன்றைய மேல் நான்கு அடுக்குகளான ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்ததே 1977இல்தான். 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று கவிழ்த்தது. 1991இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு, கிறிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். 2001இல் நிர்வாகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்ட்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோகிறோம். ரசிகர்கள் கொதித்தார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் குழு ஒன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அதன் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

ரசிகர்கள் தொடங்கினார்கள். அடுத்த மாதமே விம்பிள்டன் பொதுப்புல்வெளியில் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று ஆள் தேர்வு. சுமார் 230 பேர் வந்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தொடங்கியது ஒன்பதாம் அடுக்கில். இடையில் 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஓடி, 2011இல் ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பியது. 2020 நவம்பரில் பிளவ் லேனிலேயே, பழைய இடத்துக்குப் பக்கத்தில், புது மைதானம்.

காகிதத்தில் பார்த்தால் பழைய கிளப்பின் தொடர்ச்சி மில்ட்டன் கீன்ஸில்தான் இருந்தது. ஆக, இந்த ரசிகர்கள்தான் கிளப் மாறியவர்கள். இரண்டாம் அடுக்கிலிருந்து ஒன்பதாம் அடுக்குக்கு மாறியவர்களை குளோரி ஹன்ட்டர் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? பின்னால், 2007இல், பழைய கோப்பைகளுக்கான உரிமையை எம்.கே. டான்ஸே (மில்ட்டன் கீன்ஸ் போன கிளப்பின் புதுப் பெயர்) விட்டுக்கொடுத்தது. அதற்காக இன்று மில்ட்டன் கீன்ஸில் வளர்ந்து சொந்த ஊர் அணிக்குக் கத்தும் இருபது வயதுப் பையனைத் திருடன் என்பதும் நியாயமில்லை. அவன் பிறந்ததே அந்த இடமாற்றத்துக்குப் பிறகாக இருக்கலாம்.

எல்லாரும் வெளியேறுவதில்லை. 2012இல் கார்டிஃப் சிட்டியின் முதலாளி நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். எதிர்ப்பு ஓயவில்லை, 2015இல் நீலம் திரும்பியது. 2020இல் ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தாக் கிளப்போடு இணைத்துப் பெயரையும் சேர்த்தபோது மோகன் பகான் ரசிகர்கள் அந்த மூன்று எழுத்தைத் தூக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். 2023இல் தூக்கினார்கள்.

சரி, இப்படிப் பெரிய காரணம் எதுவும் இல்லாமல், சும்மா மனம் ஒட்டவில்லை என்றால்? மாறிக்கொள்ளுங்கள். தூரத்து ரசிகருக்கு அந்தச் சலுகை உண்டு. ஒரு முழு சீசன் பார்த்த பிறகு மாறுங்கள், நடு சீசனில் பட்டியலைப் பார்த்துவிட்டு வேண்டாம். நேர் எதிரிக் கிளப்புக்குப் போகாதீர்கள், அதைத் தாங்கும் நட்பு குறைவு. பழைய பதிவுகளை அழிக்கவும் உட்காராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே யாரோ ஒருவரிடம் இருக்கிறது.