ஹாக்ஸா பிளேடிலிருந்து பூட்டு ஊசி செய்யும் முறை

பூட்டைச் சாவியின்றித் திறந்து பழகுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், அதற்கான ஊசிகளைப் இரும்பு அறுக்கும் பழைய ஹாக்ஸா பிளேடிலிருந்து தாமே செய்துகொள்ளலாம். ஏறத்தாழ 0.6 மி.மீ. கனமுள்ள அந்தத் தகடு, சாவித் துளைக்குள் நுழையும் அளவு மெல்லியதாகவும், வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் அளவு விறைப்பாகவும் இருக்கும்.

முதலில் பிளேடின் பற்களைக் கிரைண்டரில் தேய்த்து நீக்கிவிட்டு, ஊசியின் வடிவத்தை மார்க்கர் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த கொக்கி ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். பத்து வடிவங்களைச் செய்து குவிப்பது வீண் வேலை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு தேய்க்கும்போது, சில நொடிகளுக்கு ஒருமுறை தகட்டைத் தண்ணீரில் முக்கி எடுப்பது கட்டாயம்: விளிம்பில் நீல நிறம் படர்ந்தால் எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள். என் முதல் கொக்கி அப்படித்தான் பூட்டுக்குள் மடங்கிப் போனது.

இறுதி வடிவத்தை அரத்தால் கொண்டுவந்து, 400, பிறகு 1000 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பு மிஞ்சினால், பூட்டுக்குள் மேலும் கீழும் நகரும் சிறு உலோகக் குச்சிகளான பின்களின் (pin) மெல்லிய அசைவு விரலுக்கு எட்டாது. பூட்டில் சாவி நுழையும் உருளையைத் திருகிப் பிடிக்கும் முறுக்குக் கம்பிக்கு, கார் வைப்பர் ரப்பரில் செருகியிருக்கும் எஃகுப் பட்டையைக் குறடால் செங்கோணமாக மடக்கினால் போதும்.

பழகுவது, உங்களுக்குச் சொந்தமான, எந்தக் கதவிலும் மாட்டப்படாத பூட்டில் மட்டுமே இருக்கட்டும். அதுவும் பின் வகைப் பூட்டாக இருக்க வேண்டும்; நெம்புத் தகடுகளால் இயங்கும் திண்டுக்கல் பூட்டுக்கு இந்த ஊசி பொருந்தாது.