திருமுறை வகுப்புக்கு மாதச் சந்தா: தொடங்குமுன் போட வேண்டிய கணக்கு

தேவாரப் பண் பயிற்சி தரும் அறக்கட்டளை ஒன்று மாதம் 100 ரூபாய் சந்தாவில் 200 பேரைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். யூடியூப் மெம்பர்ஷிப் (சேனலுக்கான மாதச் சந்தா வசதி) என்றால் 30 சதவீதம் அங்கேயே போய்விடும். 20,000-இல் கைக்கு வருவது 14,000. சொந்தத் தளத்தில் யுபிஐ ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் வசதி) வைத்து, பணத்தை வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனத்தின் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 472 ரூபாய்தான் பிடிப்பு. ஆனால் தளத்தைப் பராமரிக்கவும், பாஸ்வேர்ட் மறந்தவருக்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

பதிகத்தையும் பொருளையும் பூட்டி வைக்காதீர்கள். அவை எல்லோருக்கும் உரியவை. காசு வாங்கத் தக்கது ஓதுவாரின் நேரம். அவர் ஒவ்வொருவரையும் பாடவைத்துத் திருத்த 5 நிமிடம் ஆனால், ஒரு மணி நேரத்துக்கு 12 பேர். 200 பேருக்கு வாரம் 17 மணி, நான்கு வாரத்தில் 68 மணி. யூடியூப் தரும் 14,000-ஐ வகுத்தால் மணிக்கு 206 ரூபாய்! ஒலிப்பதிவுச் செலவு தனி. திருப்பணிக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் திறந்த காணொளிக்கு நன்கொடை, நேரடித் திருத்தத்துக்கு 12 பேர் குழுவும் கூடுதல் கட்டணமும் என்று பிரிப்பதே சரி.

சந்தா நன்கொடை ஆகாது. அதற்கு 80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) கொடுத்தால் பின்னால் சிக்கல். ரசீதுப் புத்தகமும் கணக்கும் தனியாக இருக்கட்டும். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு பற்றிப் பார்க்க வேண்டும். சமயப் பணிக்கான விலக்கு உங்கள் வகுப்புக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். சந்தாப் பக்கத்திலேயே நன்கொடைப் பெட்டி வேண்டாம்: வெளிநாட்டில் இருப்பவரும் அதில் போட்டுவிடலாம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை வெளிநாட்டுக் குடிமக்களின் நன்கொடையைத் தொடவே கூடாது.

ஆட்டோபேயில் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போகும். போன மாதம் வகுப்பு நடக்கவில்லை என்றால் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் ரத்து செய்துவிடுவார்கள். மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்காது. 5-ஆம் தேதி வையுங்கள். மார்கழியில் ஓதுவாருக்குக் கோயில் வேலை அதிகம். அந்த மாதச் சந்தாவை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.

முதலில் இரண்டு குழு, 24 பேர், மூன்று மாதம். நான்காம் மாதம் 16 பேராவது தொடராவிட்டால் மூன்றாவது குழு தொடங்க வேண்டாம். விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள்.