இரண்டாகப் பிளந்த ரசிகர் மன்றத்தில் வாக்குவாதத்தைச் சீர்செய்த விதம்

எங்கள் கிரிக்கெட் ரசிகர் மன்றத்தின் வாராந்திரக் கூட்டங்களை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தபோது, 2019 உலகக் கோப்பை இறுதிப்போட்டியைப் பற்றிய பேச்சு எழுந்தாலே உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து, ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் ஏசத் தொடங்கிவிடுவார்கள். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள், சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் ஓவரான சூப்பர் ஓவரிலும் தலா 15 என்று சமநிலையில் நிற்க, அதிக பவுண்டரி (எல்லைக்கோட்டை எட்டிய அடிகள்) அடித்த அணிக்கே வெற்றி என்ற விதிப்படி, 26-க்கு 17 என்ற எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை கிடைத்தது நியாயமா என்பதுதான் சண்டை.

பிறர் கருத்தை மதியுங்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டேன், பலன் இல்லை. பின்னர் ஊன்றிக் கவனித்தபோது, அவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளித்துக்கொண்டிருந்தது புரிந்தது: ஒரு தரப்பு விதி பின்பற்றப்பட்டதா என்றும், மறு தரப்பு அந்த விதியே சரியா என்றும் வாதாடியது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டோம். மறுத்துப் பேச விரும்புபவர், முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தைத் தம் சொற்களில் கூற வேண்டும். "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று எதிர்த்தரப்பினர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. முதல் நாள் ஒருவர் மூன்று முறை முயன்றும் "இவர்களுக்கு வெட்கமே இல்லை" என்பதைத் தாண்டவில்லை. நான்காவது முறை அவரே சிரித்துவிட்டார்.

கோளாறு என் பக்கமும் இருந்தது. நியூசிலாந்துக்காக வருந்தியவன் என்பதால், இங்கிலாந்து தரப்பினரை மட்டுமே நான் இடைமறித்து வந்திருக்கிறேன் (இதைச் சுட்டிக்காட்டியவர் மன்றத்தில் அதிகம் பேசாதவர்). அதன்பின் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை வாரந்தோறும் தரப்பு மாற்றிக் கொடுத்தோம். 2019 அக்டோபரிலேயே ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) பவுண்டரி விதியைக் கைவிட்டதை இரு தரப்பும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகவே இன்றும் காட்டுகின்றன.