நரம்பு வலி: இடத்தை வைத்துக் காரணம் பிடிப்பது

எரிச்சல், ஷாக் அடித்தது போன்ற சுரீர், மரத்துப்போதல் இருந்தால் நரம்பு வலியாக இருக்கலாம். முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பாதங்களிலும் தொடங்கி மேலே ஏறினால் சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, மது ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தாலும் பி12 குறையும். பலர் கவனிக்காத விஷயம் இது. இடுப்பிலிருந்து ஒரு காலில் இறங்கினால் பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் (மெத்தை போன்ற வட்டு) நரம்பை அழுத்துவதே காரணம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டையை ஆறு வாரம் இரவில் கட்டிப் பாருங்கள். அக்கி (நரம்பைத் தாக்கும் வைரஸால் வரும் கொப்புளம்) கண்டால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லது.

பாராசிட்டமால் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவாது. மருத்துவர் அமிட்ரிப்டிலின் (வழக்கமாக இரவில் 10 மி.கி.), டுலாக்செடின், ப்ரீகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கே நாளில் 'கேட்கவில்லை' என்று விடுவதுதான் வழக்கமான தவறு. திடீரென நிறுத்தவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ப்ரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டும். வைட்டமின் பி6 மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரெனத் தளர்ந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.