ஆர்க்டிக் கடல்பனியை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி?

ஆர்க்டிக் பெருங்கடல் என்றால் உறைந்துபோய் அசையாமல் கிடக்கும் வெள்ளைப் பரப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் வாதம் செய்வதில்லை. செயற்கைக்கோள் படங்களை நாள்வாரியாகக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, ஒரே இடத்தை நாலு நாள் தொடர்ந்து பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். கைபேசியிலும் திறக்கும், பெரிய திரை இருந்தால் கண்ணுக்கு நல்லது.

தளம் திறந்ததும் உலக வரைபடம் வரும். அதில் துருவம் இழுபட்டுக் கோணலாகத் தெரியும். ஆகவே முதல் வேலையாக ஆர்க்டிக் பார்வைக்கு மாற்றுங்கள். அப்புறம் தேதி. இன்றைய படத்தில் தொடங்காதீர்கள். போன வருடத்து ஏப்ரல் கடைசிக்கோ மே மாதத்துக்கோ போங்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியனே இல்லை என்பதால் படத்தின் நடுவில் பெரிய கறுப்பு வட்டம்தான் இருக்கும். கோடையில் மூடுபனியும் மேகமும் தொல்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெளிச்சமும் உண்டு, பனியும் இன்னும் கெட்டியாக இருக்கும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. அண்ணன் மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதுல எது மேகம், எது பனி?” என்றாள். நியாயமான கேள்வி, இரண்டும் வெள்ளை. அடுக்குகளின் பட்டியலில் 7-2-1 என்ற நிறக் கலவை இருக்கும், அதைப் போடுங்கள். பனி பளிச்சென்ற நீலப்பச்சையாக மாறிவிடும், நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே நிற்கும். உயரத்தில் இருக்கும் பனித்துகள் மேகமும் லேசாக நீலம் காட்டி ஏமாற்றும். அப்போது அடுத்த நாள் படத்துக்குப் போங்கள். மேகம் உருத்தெரியாமல் போயிருக்கும். பனிப்பாளம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அதன் ஓரங்கள் அப்படியே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃபிராம் நீரிணை, கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் நடுவில். ஆர்க்டிக்கிலிருந்து பனி வெளியேறும் முக்கிய வாசல் இதுதான். கிழக்குப் பக்கம் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் வடக்கே ஏறுகிறது. அதனால் ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில் பெரும்பாலும் திறந்த கடல்தான். (சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2014இல் ‘இண்டார்க்’ என்ற அளவீட்டுக் கருவித் தொகுப்பை நீருக்கடியில் கட்டிவைத்தது அந்தக் கரையில் கோங்ஸ்ஃபியார்டு என்ற குறுகிய கடல்நுழைவில்தான்.) மேற்குப் பக்கம் குளிர்ந்த நீரோட்டம் பனியைச் சுமந்துகொண்டு தெற்கே இறங்குகிறது.

அங்கே அடையாளம் வைத்துக்கொள்ளத் தோதான ஒரு பெரிய பாளத்தைத் தேர்ந்தெடுங்கள். மூலை உடைந்தது, நடுவில் கீறல் விழுந்தது, எதுவானாலும் சரி. ஒவ்வொரு நாளாகத் தள்ளி, தளத்தின் அளவுகோலால் தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு நாளில் பத்து, இருபது கிலோமீட்டர் போவது அங்கே சாதாரணம். காற்று எந்தத் திசைக்கு வீசுகிறதோ நேராக அதே திசைக்குப் பனி போகாது, வலப்பக்கம் ஒதுங்கித்தான் போகும். 1893 முதல் 1896 வரை ஃபிராம் கப்பலைப் பனியிலேயே சிக்கவிட்டு மிதந்த நார்வே ஆய்வுப்பயணி நான்சென் இதைக் கவனித்துச் சொன்னார். பூமியின் சுழற்சிதான் காரணம் என்று சுவீடனின் கடலியலாளர் எக்மன் கணக்குப் போட்டுக் காட்டினார். பனியின் விளிம்பையும் பாருங்கள். காற்று கடலிலிருந்து பனியை நோக்கி வீசினால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். பனிப்பக்கமிருந்து கடலுக்கு வீசினால் சிதறிப் பட்டை பட்டையாகப் பிரியும். சுருள் சுருளாகத் தெரிந்தால் அது அடியில் சுழலும் நீர்.

எனக்குப் பிடித்த இடம் நேர்ஸ் நீரிணை. கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையே உள்ள குறுகலான கால்வாய். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பாளங்கள் குறுகலில் நெருக்கியடித்துக்கொண்டு அடைத்துவிடும், புனலில் அரிசி சிக்குவதுபோல. அடைப்பின் தெற்கு ஓரம் அழகான வில் வளைவாக இருக்கும். வளைவுக்கு வடக்கே எதுவும் அசையாது. தெற்கே உருவாகும் புதுப்பனியைக் காற்று தள்ளிக்கொண்டே போவதால் கடல் திறந்தே கிடக்கும். உறைந்த கடலுக்கு நடுவே இப்படித் திறந்த நீர் கிடைப்பதால் நார்வால் திமிங்கிலங்களும் கடற்பறவைகளும் அங்கே வந்து சேரும். வளைவு வழக்கமாகக் கோடையில்தான் உடையும். 2007இல் அது உருவாகவே இல்லை. ஆண்டு முழுக்கப் பனி வழிந்து வெளியேறியது. மே படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எது நின்றது, எது கிளம்பியது என்பது சட்டென்று புரியும்.

பனியில் விழும் பிளவுகளின் நிறம் தனிப் பாடம். புதிதாகப் பிளந்தது கறுப்பு. கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில், காற்று அதைவிடப் பல மடங்கு குளிர்ந்திருந்தால் ஒரே நாளில் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பல் பத்து, இருபது சென்டிமீட்டர் தடிமன்தான் இருக்கும். தடிக்கத் தடிக்க, மேலே பனித்தூவல் விழ விழ, வெளுக்கும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இந்தப் படத்தின் ஒரு புள்ளி சுமார் 250 மீட்டர். பனிக்கரடியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

குளிர்கால இருட்டிலும் பார்க்க ஆசைப்பட்டால் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களைத் தேடுங்கள். கரடுமுரடான பழைய பனி அதில் வெளிச்சமாகவும் வழவழப்பான புதுப்பனி இருட்டாகவும் வரும். காற்றில் அலைபாயும் நீரும் வெளிச்சமாகத் தெரியும், அதனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

கடல்பனியின் பரப்பு ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடக் கோடுகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 2012 செப்டம்பரில் கடல்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது என்று படிப்பீர்கள். அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் கணக்கிடும் இந்த எண்ணில், கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 சதவீதம் பனி இருந்தாலே அந்தக் கட்டம் முழுவதும் சேர்த்துக்கொள்ளப்படும். ஜூன், ஜூலையில் பனிமேல் தேங்கும் உருகுநீரையோ இந்தக் கணக்குக்கு அளவெடுக்கும் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் கருவி திறந்த கடல் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் கோடு திடீரென்று சரிந்தால் அதே தேதியின் படத்தைத் திறந்து பாருங்கள். பாளங்கள் நீலம் பூத்து, ஓரம் குலையாமல் அங்கேயே இருக்கலாம்.